கட்டுமானக் கணிப்பில் காலமறிதல்

அலுவலகம், கடைத்தொகுதி, தங்கும் விடுதி, கிடங்கு போன்றவை வணிகக் கட்டடங்கள் எனப்படும். இவற்றின் பெருக்கத்தையும் சரிவையும் முன்னுரைக்கும் கணிப்புகள் பல வேளைகளில் பொய்ப்பது எண்கள் பிழைபடுவதால் அன்று. ஓர் எண் எந்தக் காலத்தைப் பேசுகிறது என்பது மறக்கப்படுவதாலேயே ஆகும். அமெரிக்க அனுபவம் இதனைத் தெளிவாக்குகிறது.

நம்பிக்கை 1: வானில் கிரேன்கள் பெருகினால் வளமான காலம் வருகிறது.

உண்மை: நிலம் வாங்கி, கடன் பெற்று, வரைபடம் முடித்த பின்னரே கிரேன் எழுகிறது என்பதால், அது கடந்தகால முடிவொன்றின் அடையாளமே. நியூயார்க்கின் எம்பயர் ஸ்டேட் கட்டடம், பங்குச்சந்தை வீழ்ச்சிக்கு இரு மாதங்கள் முன்பு, 1929 ஆகஸ்டில் அறிவிக்கப்பட்டு, பெருமந்தத்தின் நடுவே 1931 மே 1 அன்று திறக்கப்பட்டது. அதன் தளங்களில் பெரும்பகுதி பல ஆண்டுகள் வாடகைக்கு ஆளின்றிக் கிடந்தமையால், 'வெற்று' எனும் பொருள்பட 'எம்ப்டி ஸ்டேட்' என்றே மக்கள் அதனை அழைத்தனர்.

நம்பிக்கை 2: கட்டடக்கலைஞர் பில் குறியெண் 55 எனில், பணி 5 விழுக்காடு வளர்ந்துள்ளது.

உண்மை: அமெரிக்கக் கட்டடக்கலைஞர் கழகம் மாதந்தோறும் கணக்கிடும் இக்குறியெண், வளர்ச்சியின் அளவையன்றி அதன் பரவலையே காட்டுகிறது. பில் தொகை கூடியதாகச் சொல்லும் நிறுவனங்களின் விழுக்காட்டோடு, மாற்றமில்லை என்போரின் விழுக்காட்டில் பாதியைச் சேர்த்தால் கிடைப்பதே இவ்வெண். 30 விழுக்காட்டினர் கூடியது என்றும், 50 விழுக்காட்டினர் மாற்றமில்லை என்றும் கூறினால் விடை 55. வரைபடம் கட்டுமானத்துக்கு முந்தியது என்பதால், இக்குறியெண் ஏறத்தாழ 9 முதல் 12 மாதங்கள் முன்னோக்கிப் பார்க்கிறது. கிரேனுக்கு இல்லாத சிறப்பு இதுவே.

நம்பிக்கை 3: கட்டுமானச் செலவு உயர்ந்தால் கட்டடங்களும் பெருகியுள்ளன.

உண்மை: அமெரிக்கக் கணக்கெடுப்பு அலுவலகம் மாதந்தோறும் வெளியிடும் செலவுத்தொகை நடப்பு விலையில் அமைவதால், 2021இல் நிகழ்ந்ததுபோல் எஃகின் விலை ஏறும்போது, அதே பரப்பைக் கட்டவும் கூடுதல் தொகை பதிவாகிறது. மேலும், கிடங்குகள் பெருகி அலுவலகங்கள் குறையும் காலத்தில், மொத்தத் தொகை இரண்டையும் ஒன்றாக்கி, சரிவை மறைத்துவிடுகிறது.

ஆகவே கிரேன் இறந்தகாலத்தையும், செலவுக்கணக்கு நிகழ்காலத்தையும், வரைபடப் பணி எதிர்காலத்தையும் பேசுகின்றன. கடன் தரும் வங்கிக்கும் வேலை தேடும் கொத்தனாருக்கும் இவ்வேறுபாடு வாழ்வாதாரத்தைத் தொடுவதாகும். கிரேன்கள் நிறைந்த நகரில், கட்டடக்கலைஞரின் மேசை வெறுமையாகத் தொடங்கிவிட்டதா என்பதே முதலில் கேட்கத்தக்க கேள்வி.