சேர்ப்பது வேறு, சேர்த்துக்கொள்வது வேறு



ஒரு பிள்ளையின் பெயரைப் பள்ளிக்கூடப் பதிவேட்டில் எழுதிவிட்டால் அதைச் சேர்த்தாயிற்று என்கிறோம். ஆனால் அந்தப் பிள்ளை நடக்க இயலாததாயிருந்து, வகுப்பு மாடியில் இருந்தால் என்ன ஆகும்? காது கேளாததாயிருந்து, உபாத்தியாயர் கரும்பலகையைப் பார்த்தபடியே பாடம் நடத்தினால் என்ன ஆகும்? பெயர் உள்ளே இருக்கும். பிள்ளை வெளியே நிற்கும். ஆகையால் சேர்ப்பது வேறு, சேர்த்துக்கொள்வது வேறு. இந்த வேற்றுமையை இவ்வாரம் சற்று விவரமாய்ப் பார்ப்போம்.

1. ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடம்

பிரான்ஸ் தேசத்தில் கூவ்ரே என்றொரு சிற்றூர் உண்டு. அங்கே குதிரைச் சேணம் செய்யும் தொழிலாளி ஒருவருக்கு 1809-ல் லூயி பிரெயில் மகனாகப் பிறந்தான். மூன்று வயதில் தகப்பனாரின் பட்டறையில் விளையாடுகையில், தோல் துளைக்கும் குத்தூசி ஒரு கண்ணில் பாய்ந்தது. நோய் மற்றக் கண்ணுக்கும் பரவி, ஐந்து வயதில் பார்வை முற்றிலும் போயிற்று.

இப்படிப்பட்ட பிள்ளைகளுக்குப் பிச்சையெடுப்பதே கதி என்று பலர் எண்ணியிருந்த காலம் அது. அவ்வூர்ப் பங்குக் குருவானவரோ சிறுவனைக் கைவிடவில்லை. தாமே அவனுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தார். பிறகு அவன் ஊர்ப் பள்ளிக்கூடத்தில், பார்வையுள்ள பிள்ளைகளுக்கு நடுவே உட்கார்ந்து, உபாத்தியாயர் சொல்வதைக் காதால் கேட்டே படித்தான்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்தப் பள்ளி அவனுக்கு இடம் கொடுத்தது. அது பெரிய காரியந்தான். ஆயினும் மற்றப் பிள்ளைகள் வாசித்த புத்தகத்தை அவன் வாசிக்க அங்கே வழியில்லை. 1819-ல் பாரிஸ் நகரிலிருந்த பார்வையற்றோர் பள்ளிக்குப் போனான். 15 வயதில், விரலால் தடவி வாசிக்கும் ஆறு புள்ளி எழுத்துமுறையை அமைத்தான். 1829-ல் அது அச்சாகி வெளிவந்தது. இன்று தமிழையும் அந்தப் புள்ளிகளைக் கொண்டே வாசிக்கிறார்கள்.

ஆக, பிள்ளைக்கு இடமும் வேண்டும், வழியும் வேண்டும். இடம் கொடுத்து வழி கொடாதிருப்பது பாதிக் காரியமே.

2. வழி என்பது யாது?

அது எப்போதும் பெருஞ்செலவுள்ளதன்று.

சக்கர நாற்காலியில் வரும் பிள்ளைக்குச் சாய்தளம் வேண்டும். ஓர் அடி உயரத்திற்குக் குறைந்தது 12 அடி நீளம் இருக்கவேண்டும் என்பது கணக்கு. அதைவிடச் செங்குத்தாயிருந்தால் பெயருக்குத்தான் சாய்தளம். கழிப்பறைக் கதவும் அகலமாயிருக்க வேண்டும். இல்லாவிட்டால் பிள்ளை நாள் முழுவதும் தண்ணீர் குடிக்க அஞ்சும்.

காது மந்தமான பிள்ளையை முன்வரிசையில் அமர்த்தி, உபாத்தியாயர் அதன் முகத்தை நோக்கிப் பேசவேண்டும். அடிக்கடி எழுத்துக்களை மாற்றி வாசிக்கும் பிள்ளையைச் சோம்பேறி என்று அடிக்கலாகாது. அது கற்றல் குறைபாடாயிருக்கலாம். அடி அதைத் திருத்தாது. பொறுமையும் தகுந்த பயிற்சியுமே உதவும்.

3. சட்டம் சொல்வது

இந்தியாவில் 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைக் கணக்கில் கொள்ளுகிறது. 1995-ஆம் ஆண்டின் பழைய சட்டத்தில் இருந்தவை ஏழே. நூற்றுக்கு 40-க்குக் குறையாத குறைபாடுள்ள பிள்ளைக்கு, 6 வயது முதல் 18 வயது வரை, அருகிலுள்ள பள்ளியிலோ தான் விரும்பும் சிறப்புப் பள்ளியிலோ இலவசமாய்ப் படிக்க உரிமை உண்டு. அரசின் நிதியோ அங்கீகாரமோ பெற்ற பள்ளிகள் பாகுபாடின்றிச் சேர்க்கவும், கட்டிடத்தைத் தகுதியாக்கவும் வேண்டும். பரீட்சையில் கூடுதல் நேரம், சொல்வதை எழுத ஓர் ஆள் போன்ற சலுகைகளும் அச்சட்டத்தில் சொல்லப்பட்டிருக்கின்றன. ஆகவே ஒரு தாய் பள்ளி வாசலில் நின்று கேட்பது பிச்சையன்று, உரிமை.

4. சில கேள்விகளும் மறுமொழிகளும்

வினா: இத்தகைய பிள்ளை வகுப்பிலிருந்தால் என் பிள்ளையின் படிப்பு கெடாதா?

விடை: முகம் பார்த்துத் தெளிவாய்ப் பேசி, பெரிதாய் எழுதி, விளங்காததை மறுபடி விளக்கும் உபாத்தியாயரால் எல்லாப் பிள்ளைகளுக்கும் நன்மையே. வகுப்பு பெரிதாயிருந்து உபாத்தியாயர் ஒருவரேயானால் கஷ்டம் உண்டு, மறுப்பதற்கில்லை. அதற்குப் பரிகாரம் உதவி கேட்பது, பிள்ளையை விலக்குவதன்று. தமிழ்நாட்டில் வட்டார வள மையங்களில் சிறப்பாசிரியர்கள் இருக்கிறார்கள், அவர்களை நாடலாம்.

வினா: தனிப் பள்ளிகள் இருக்கும்போது அங்கே அனுப்பினால் போதாதா?

விடை: பாளையங்கோட்டையில் பார்வையற்றோருக்கும் காது கேளாதோருக்கும் 19-ஆம் நூற்றாண்டின் கடைசியிலேயே பள்ளிகள் தோன்றின. இத்தகைய பள்ளிகளின் தொண்டு பெரிது. சைகை மொழியும் புள்ளி எழுத்தும் நன்கு கற்கச் சில பிள்ளைகளுக்கு அவையே ஏற்ற இடம். ஆனால் தெரிந்தெடுப்பவர்கள் பிள்ளையும் பெற்றோருமாய் இருக்கவேண்டும். "எங்களுக்குத் தொந்தரவு, வேறிடம் பாருங்கள்" என்று பள்ளிக்கூடம் அனுப்பிவிடலாகாது.

5. நாம் செய்யவேண்டியவை

பெற்றோர்களே, உங்கள் பிள்ளையை மறைத்து வைக்காதீர்கள். அரசு மருத்துவமனையில் பரிசோதித்து, குறைபாட்டுச் சான்றும் அடையாள அட்டையும் பெறுங்கள். பள்ளியில் இடம் மறுத்தால், காரணத்தை எழுத்தில் தரும்படி மரியாதையோடு கேளுங்கள்.

மற்றக் குடும்பத்தாரே, உங்கள் பிள்ளைகள் பிறர் குறையைச் சொல்லி அழைக்க இடங்கொடாதீர்கள். வீட்டில் பெரியவர்கள் பேசுவதைத்தான் பிள்ளைகள் வகுப்பில் பேசுகிறார்கள். விளையாட்டிற்கும் பிறந்தநாள் விருந்திற்கும் அந்தப் பிள்ளையையும் அழையுங்கள். பெற்றோர் கூட்டத்தில், உங்கள் பிள்ளைக்குத் தேவையில்லாவிட்டாலும், சாய்தளம் எங்கே, கழிப்பறை எப்படி என்று நீங்களே கேளுங்கள். பாதிக்கப்பட்ட தாய் ஒருத்தி தனியே கேட்டால் அது அவள் வீட்டுக் குறையாய்ப் போய்விடும். பத்துக் குடும்பங்கள் சேர்ந்து கேட்டால் அது பள்ளிக்கூடத்தின் வேலையாகும்.