ஆங்கிலப் பாடம்: ‘ஸெர்ட்டன்’

‘ஸெர்ட்டன்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்கு ‘நிச்சயமான’ என்பது ஒன்றே பொருளென்று நம்மில் பலர் எண்ணுகிறோம். அது பாதியே சரி. சொல் நிற்கும் இடத்தைக் கொண்டு பொருள் மாறும்.

‘ஐ ஆம் ஸெர்ட்டன்’ என்று பயனிலையாக நின்றால் ‘எனக்கு நிச்சயம்’ என்பது பொருள். அரபியில் யகீன், மலாயில் ‘யாக்கின்’.

‘ஸெர்ட்டன் கண்டிஷன்ஸ்’ என்று பெயர்ச்சொல்லுக்கு முன் நின்றால், பெரும்பாலும் ‘குறிப்பிட்ட சில நிபந்தனைகள்’ என்றே கொள்ள வேண்டும். ‘ஸெர்ட்டன் டெத்’, அதாவது நிச்சய மரணம், என்பது போன்றவை விலக்கு.

மலாய் அறிந்த நமக்கு இது எளிது. ‘தெந்து’ என்றால் நிச்சயம். ‘தெர்தெந்து’ என்றால் குறிப்பிட்ட சில. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல்.

ஹுத்தான் மெலிந்தாங்கில் நம்மவர் வீட்டுக் கடனுக்கோ தக்காஃபுலுக்கோ கையொப்பமிடும்போது, பத்திரத்தில் ‘ஸெர்ட்டன் பெனிஃபிட்ஸ்’ என்றிருந்தால், நிச்சயமாகக் கிடைக்கும் சலுகைகள் என்று மகிழ்ந்துவிடலாகாது. சில சலுகைகள் மட்டுமே என்பது அதன் கருத்து. அவை எவை, யாருக்கு, எப்போது என்று கேட்டறிந்த பின்னரே பேனாவைத் தொட வேண்டும்.

கடனை எழுதிக்கொள்ளுமாறு திருக்குர்ஆன் (2:282) ஏவுகிறது. எழுதியதை விளங்கிக்கொள்வதும் நம் கடமையன்றோ!