பாட்டின் உரிமையும் கட்டுரையின் உரிமமும்

எட்டயபுரத்திற் பிறந்த மகாகவி சுப்பிரமணிய பாரதியாருக்குப் பொதுமக்கள் ஈந்த பொருளால் அவ்வூரில் எழுந்த மணிமண்டபம் 1947-ஆம் ஆண்டில் திறக்கப்பெற்றது. மண்டபம் மக்களுடையதாயிற்று; அவர்தம் பாடல்களோ அன்று மக்களுடையன ஆகவில்லை. இதன் காரணத்தை ஆராய்தல், ஆராய்ச்சி இதழ்களிற் கட்டுரை வெளியிடப் புகும் மாணவர்க்குப் பெரிதும் பயன்படும்.

பாரதியார் 1921-இல் மறைந்தார். நூல்களை அச்சிடும் உரிமை, பின்னர் அவர் இளவல் சி. விசுவநாதன் நடத்திய பாரதி பிரசுராலயத்தை அடைந்தது. பாடல்களை இசைத்தட்டிற் பதியும் உரிமையோ தனியே விலைப்பட்டுக் கைமாறி, திரைப்பட அதிபர் ஏ. வி. மெய்யப்பரிடம் வந்தது. 1948-இல் வெளிவந்த 'பில்ஹணன்' படத்திற் பாரதியார் பாடல் இடம்பெற்றது பற்றி வழக்கு எழுந்தது. மக்கட்கெனப் பாடிய கவிஞன் பாட்டைப் பாடவும் ஒருவர் இசைவு வேண்டுமோ என்று தமிழறிஞர் பலர் கிளர்ந்தனர். ஓமந்தூர் இராமசாமி ரெட்டியார் முதன்மந்திரியாயிருந்த சென்னை அரசாங்கம் 1949-இல் உரிமைகளை ஏற்க முன்வந்தது. மெய்யப்பர் தம் உரிமையைப் பொருள் பெறாது அளித்தார். குடும்பத்தார்க்கு அரசாங்கம் பொருள் வழங்கிற்று. 1950களின் நடுவிற் பாடல்கள் யாவர்க்கும் பொதுவாயின.

இனி, ஆராய்ச்சி இதழ்களை நோக்குவோம். ஆசிரியர் கூலியின்றி எழுதுகின்றார். அறிஞர் பெரும்பாலும் கூலியின்றி மதிப்பிடுகின்றனர். எனினும், பதிப்புரிமையை முழுதும் எழுதி வாங்கும் இதழ்கள் பல உள. அவ்வாறு எழுதிக் கொடுத்தவர் தம் கட்டுரையையே மீண்டும் வெளியிடப் பிறர் இசைவை நாட நேரும். கரிசற்காட்டு உழவர் கிரயத்திற்கும் குத்தகைக்கும் உள்ள வேற்றுமையை நன்கறிவர். உரிமையை மாற்றிக் கொடுத்தல் கிரயம் போல்வது. உரிமத்தாற் பயன்படுத்த இசைதல், நிலத்தைத் தம்மிடமே வைத்துக்கொண்டு பிறர் உழ விடுதல் போல்வது.

2002-இல் புடாபெஸ்து அறிக்கை திறந்த அணுகல் என்னும் நெறியை உலகிற்கு உரைத்தது. அவ்வாண்டே கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமங்களும் தோன்றின. அவற்றுட் சில வேறுபாடுகள் கருதத்தக்கன. பெயர் சுட்டினாற் போதும் என்னும் உரிமம் படியெடுத்தல், மொழிபெயர்த்தல், விற்றல் யாவற்றிற்கும் இடந்தரும். வணிகம் விலக்கும் உரிமம் பொருளீட்டலைத் தடுக்கும். மாற்றம் விலக்கும் உரிமமோ மொழிபெயர்ப்பை வெளியிடலையும் தடுக்கும். இக்கடைசி உரிமம் பெற்ற கட்டுரையை யாவரும் இலவசமாகப் படிக்கலாம். ஆயின், அதனைத் தமிழாக்கி நம் ஊர்ப் பள்ளி மாணவர்க்கு அச்சிட்டு வழங்கத் தனியே இசைவு பெறல் வேண்டும். ஆகவே, இலவசமாகக் கிடைப்பது வேறு. தடையின்றிப் பயன்படுவது வேறு.

உரிமம் வழங்கினால் ஆசிரியர் பெயர் அழியுமோ எனின், அழியாது. இவ்வுரிமங்கள் பெயர் சுட்டலைக் கட்டாயமாக்குகின்றன. 1957-ஆம் ஆண்டு இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 57-ஆம் பிரிவும், உரிமையை விற்றபின்னும் நூலுக்குத் தாமே ஆசிரியர் என்று கூறும் உரிமையை அவர்க்கு நல்குகின்றது. ஆயின், ஒருமுறை வழங்கிய இவ்வுரிமத்தை மீளப் பெறுதல் இயலாது; ஆதலின் முன்னரே தேர்தல் வேண்டும்.

இன்றைய சட்டப்படி பதிப்புரிமை ஆசிரியர் மறைந்து 60 ஆண்டுவரை நிற்கும். அத்துணைக் காலம் தம் கட்டுரை யார் கையில் இருத்தல் வேண்டும் என்பதை மாணவர் இதழின் ஒப்பந்தத்தாளைப் படித்தே முடிவு செய்க. பாரதியார் பாடல்களை மக்கட்கு மீட்க அவர் மறைந்தபின் ஓர் அரசாங்கம் முன்வர நேர்ந்தது. நம் எழுத்தை நாமே, வாழுங்காலத்தே, ஒரு வரியால் பொதுவாக்கலாம். கையொப்பமிடுமுன் அவ்வரியைத் தேடுதல் நம் கடனாம்.