108-ஐத் தொடங்கியவரும் கணக்கைத் திரித்தவரும்

திருச்சி - தஞ்சாவூர் நெடுஞ்சாலையை ஒட்டிய துவாக்குடியில் 108 ஊர்தியின் ஒலி எங்கள் மாணவர்களுக்குப் புதிதல்ல. "இந்தச் சேவையைத் தொடங்கியவர் யார்?" என்று பத்தாம் வகுப்பில் கேட்டேன். "அரசாங்கம்" என்றார்கள். "2005-இல் ஹைதராபாத்தில் இதற்கான அமைப்பை நிறுவியவர் ராமலிங்க ராஜு. 2008-இல் இது தமிழ்நாட்டுக்கு வந்தது" என்றேன். அன்றைய வாழ்வியல் திறன் பாடம் இப்படித் தொடங்கியது.

ராஜு 1987-இல் தொடங்கிய சத்யம் கம்ப்யூட்டர் நிறுவனத்தில் பின்னாளில் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் வேலை பார்த்தனர். 2009 ஜனவரி 7 அன்று, பல ஆண்டுகளாகக் கணக்கைப் பெருக்கிக் காட்டியதை அவரே இயக்குநர் குழுவுக்குக் கடிதம் எழுதி ஒப்புக்கொண்டார். 5,361 கோடி ரூபாய் கையிருப்பாகக் காட்டப்பட்டிருந்தது. அதில் 5,040 கோடி இல்லவே இல்லை. 2015 ஏப்ரலில் சிறப்பு நீதிமன்றம் அவருக்கு ஏழாண்டுச் சிறைத்தண்டனை விதித்தது. மேல்முறையீட்டில் அடுத்த மாதமே தண்டனை நிறுத்திவைக்கப்பட்டு, பிணை கிடைத்தது.

செயல்பாடு 1: காட்டிய தொகையில் பொய் எத்தனை விழுக்காடு? மாணவர்களே கணக்கிட்டார்கள். ஏறத்தாழ 94. வகுப்பு அமைதியானது.

செயல்பாடு 2: 1987 முதல் 2009 வரை காலக்கோடு வரைந்து, "அவர் எந்த இடத்தில் நின்றிருக்கலாம்?" என்று குழுவாக விவாதித்தல். உண்மைக்கும் காட்டிய கணக்குக்கும் இருந்த இடைவெளி முதலில் சிறியதாகவே இருந்தது என்கிறது அவரது கடிதம். ஒவ்வொரு காலாண்டும் பழைய பொய்யைக் காக்கப் புதிய பொய் தேவைப்பட்டது. கடைசியில் புலிவாலைப் பிடித்த கதைதான். 2008 டிசம்பரில் தம் குடும்பத்தாரின் மேடாஸ் நிறுவனங்களைச் சத்யம் வாங்குவதாகக் காட்டி அந்தப் பள்ளத்தை மூட முயன்றார். முதலீட்டாளர்கள் எதிர்த்ததால் அதுவும் நடக்கவில்லை.

"108-இல் பிழைச்சவங்களுக்கு அவர் நல்லவர்தானே, டீச்சர்?" என்று ஒரு மாணவி கேட்டாள். நன்மையையும் தவற்றையும் கூட்டி இரண்டால் வகுக்க வேண்டாம் என்றேன். 108 உயிர் காப்பது உண்மை. பங்கு வாங்கியவர்களின் சேமிப்பு கரைந்ததும் உண்மை. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்கப் பழக வேண்டும். திறமையும் தாராள மனமும் உடையவரும், தோல்வியை ஒப்புக்கொள்ளும் துணிவு இல்லாதபோது சறுக்குவார்.

இந்தப் பாடம் எனக்கும் தேவைப்பட்டது. பணியில் சேர்ந்த புதிதில், வாசிக்கத் தடுமாறிய நான்கு குழந்தைகளை 'சரளமாக வாசிப்பர்' என்று பதிவேட்டில் எழுதினேன். மற்ற வகுப்புகளின் பட்டியலைவிட என் பட்டியல் குறைவாகத் தெரியக் கூடாது என்ற எண்ணம்தான் காரணம். அடுத்த ஆண்டு அவர்களுக்குச் சிறப்புப் பயிற்சி கிடைக்கவில்லை, ஏடு அவர்களைத் தேறியவர்களாகக் காட்டியதால். அந்த நால்வரின் முகங்கள் இன்றும் நினைவில் உள்ளன.

ஆகவே வகுப்பில் ஒரு வழக்கத்தைத் தொடங்கியிருக்கிறேன். வெள்ளிதோறும் கடைசி ஐந்து நிமிடம், 'இந்த வாரம் எனக்குப் புரியாதது' என்று ஒவ்வொருவரும் ஒரு வரி எழுத வேண்டும். அதற்கு மதிப்பெண் இல்லை, கண்டிப்பும் இல்லை. முதல் வரியை நான் எழுதுகிறேன். இடைவெளி சிறிதாக இருக்கும்போதே சொல்லிவிடலாம் என்ற நம்பிக்கை வகுப்பறையில்தான் பிறக்க வேண்டும். உங்கள் வகுப்பிலும் முயன்று பாருங்கள்.