வயிற்றின் சிக்கலும் வணக்கத்தின் நிம்மதியும்

வெட்கப்பட்டு வெளியே சொல்லாமல் வைத்திருக்கும் நோய்களில் மலச்சிக்கலும் ஒன்று. சென்ற ரமளானில் திண்டிவனத்தில் ஒரு பள்ளிவாசலில் தராவீஹ் முடிந்தபின், எல்லோரும் கலைந்து போகும்வரை காத்திருந்து ஒரு பெரியவர் நம்மிடம் வந்தார்.

"ஹஜரத், நாலு நாளா வயிறு போகல. ஸஃப்புல நிக்கிறேன், மனசு நிக்க மாட்டேங்குது. உளூ இருக்கா, முறிஞ்சிடுச்சான்னு சந்தேகம் வேற" என்று கண்கலங்கினார்.

வெறும் சந்தேகத்தால் உளூ முறியாது என்ற மஸ்அலாவைச் சொல்லிவிட்டு, ஸஹரில் என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டோம். வெள்ளைச் சோறு, கறிக் குழம்பு, ஒரு டீ என்றார். இஃப்தாரில் கஞ்சி, வடை, சமோசா. தண்ணீர்? "ராத்திரி எழுந்திருக்கணுமேன்னு குறைச்சுக்குவேன்." அவருடைய நோய்க்கான காரணம் அவர் வாயிலிருந்தே வந்துவிட்டது.

அடக்கிக்கொண்டு தொழலாமா?

உணவு முன்னால் இருக்கும்போதும், மல ஜல உபாதையை அடக்கிக்கொண்டும் தொழுவதை நபி (ஸல்) அவர்கள் தடுத்துள்ளார்கள். அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் வழியாக முஸ்லிம் ஷரீஃபில் இது பதிவாகியுள்ளது. தொழுகை நேரம் முடிந்துவிடும் என்ற நெருக்கடி இல்லாதபோது இவ்வாறு தொழுவது ஹனஃபி, ஷாஃபி இரு மத்ஹபுகளிலும் மக்ரூஹ் ஆகும். ஜமாஅத் தவறிவிடுமே என்று அடக்கிக்கொண்டு ஓடிவருகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். உபாதையைத் தீர்த்துவிட்டு, நிம்மதியாக உளூ செய்து தொழுவதே முறை.

மலம் ஏன் இறுகுகிறது?

நாம் உண்டது பெருங்குடலுக்கு வந்ததும், அதிலுள்ள நீரைக் குடல் உறிஞ்சிக்கொள்கிறது. மலம் அங்கே எவ்வளவு நேரம் தங்குகிறதோ அவ்வளவுக்கு வறண்டு இறுகும். வரும்போது அடக்கினால் மேலும் இறுகும். உணவிலுள்ள நார்ச்சத்தோ நீரைத் தன்னிடம் பிடித்துவைத்து மலத்தை இளக்குகிறது. எனவே நாரும் நீரும் சேர்ந்தே வேலை செய்யும். தண்ணீர் குடிக்காமல் நார்ச்சத்தை மட்டும் கூட்டினால் வயிறு உப்பும்.

வாரத்தில் மூன்று தடவைக்கும் குறைவாகப் போவதும், முக்கி முனகிப் போவதும் மலச்சிக்கலே. தினமும் போகாவிட்டால் நோய் என்று பயப்பட வேண்டியதில்லை.

நம் மண்ணின் உணவு

விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் வரை சுமார் 40 கிலோமீட்டர் பஸ்ஸில் வந்தால், வேண்டியதெல்லாம் சாலையோரத்திலேயே கிடைப்பதைக் காணலாம். தென்னாற்காட்டு மக்களை வளர்த்தது கேழ்வரகுக் கூழும் கம்பங்கூழும். ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017இல் வெளியிட்ட உணவு அட்டவணைப்படி, 100 கிராம் தீட்டிய அரிசியில் நார்ச்சத்து சுமார் 3 கிராம். கேழ்வரகிலும் கம்பிலும் சுமார் 11 கிராம். முருங்கைக்கீரையிலும் கொய்யாவிலும் சுமார் 8 கிராம் உண்டு. நம் வீட்டுப் பெண்கள் ஏழைகளின் உணவு என்று ஒதுக்கிவிட்ட கூழையும் கீரையையும் வாரத்தில் சில நாட்களாவது மீண்டும் அடுப்பில் ஏற்ற வேண்டும்.

திண்டிவனம் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து வந்த நிலக்கடலை ரகங்களுக்கு டி.எம்.வி. என்று பெயர்; அந்த எழுத்துகள் திண்டிவனத்தையே குறிக்கும். இஃப்தாரில் சமோசாவுக்குப் பதிலாக அவித்த கடலையோ, சுண்டலோ வைத்தால் என்ன? தை மாதத்தில் பனங்கிழங்கு வருகிறது. அதுவும் நார் மிகுந்ததே.

நோன்புக் கஞ்சியில் குறையில்லை. அதில் பாசிப்பருப்பும் வெந்தயமும் இருக்கின்றன; கொஞ்சம் காய்கறியும் சேர்க்கலாம். பேரீச்சம்பழத்தால் நோன்பு திறப்பது ஸுன்னத்; அதிலும் நார்ச்சத்து உண்டு. இஃப்தார் முதல் ஸஹர் வரை தண்ணீரைச் சிறிது சிறிதாகப் பிரித்துக் குடிக்க வேண்டும். இதயம், சிறுநீரக நோயாளிகள் மட்டும் மருத்துவர் சொன்ன அளவைத் தாண்டலாகாது. நார்ச்சத்தை ஒரே நாளில் கூட்டாமல் படிப்படியாகக் கூட்டுங்கள்.

காலை உணவுக்குப்பின் குடல் இயல்பாகவே அசையும். அந்த நேரத்தில் அவசரமின்றிச் சென்று அமர்வதைப் பழக்கமாக்குங்கள். ஒரே கழிப்பறையுள்ள வீடுகளில் ஆண்களும் பிள்ளைகளும் போய்வந்தபின் கடைசியாகத்தான் பெண்களுக்கு முறை வருகிறது. பிரயாணத்திலும் பள்ளிக்கூடத்திலும் நம் பெண் மக்கள் மணிக்கணக்காக அடக்கிக்கொள்கிறார்கள். அதற்காகவே தண்ணீரும் குடிப்பதில்லை. இதைக் கவனிப்பது குடும்பத் தலைவரின் கடமையல்லவா?

நிலாவாரையின் இடம்

மலம் இளக எதைப் பயன்படுத்துகிறீர் என்று நபி (ஸல்) அவர்கள் அஸ்மா பின்த் உமைஸ் (ரலி) அவர்களிடம் கேட்டதாகவும், அவர் சொன்ன முதல் மூலிகை கடும் சூடானது என்று கூறி, பின்னர் ஸனாவைப் புகழ்ந்ததாகவும் திர்மிதீயில் ஓர் அறிவிப்பு உண்டு. அதன் அறிவிப்பாளர் வரிசை பலவீனமானது என்று கூறிய ஹதீஸ் கலை அறிஞர்களும் உண்டு. அந்த ஸனாதான் நம் நாட்டு மருந்துக் கடையின் நிலாவாரை. திருநெல்வேலியின் பெயராலேயே அது உலகச் சந்தையில் அறியப்படுகிறது.

ஆனால் அது குடலைத் தூண்டும் மருந்து, அன்றாட உணவல்ல. தேவைக்குச் சில நாள் எடுக்கலாம். கர்ப்பிணிகளும் குழந்தைகளும் மருத்துவரைக் கேளாமல் எடுக்கலாகாது. கர்ப்பிணிகளுக்குத் தரும் இரும்புச்சத்து மாத்திரையாலும் மலம் இறுகலாம். அதற்காக மாத்திரையை நிறுத்திவிடாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

எப்போது தாமதிக்கலாகாது?

மலத்தில் இரத்தம், காரணமின்றி எடை குறைதல், கடும் வயிற்று வலியுடன் வாந்தி, காற்றும் பிரியாமை, ஐம்பது வயதுக்குமேல் திடீரென மாறிய பழக்கம் - இவற்றுக்குக் கீரை போதாது. திண்டிவனம் அரசு மருத்துவமனையோ, முண்டியம்பாக்கத்தில் 2010 முதல் இயங்கும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையோ தூரமில்லை. "மூலமாக இருக்கும்" என்று வெட்கத்தால் மறைத்து, நோயை முற்றவிடாதீர்கள். உடல் அல்லாஹ் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம்.

அந்தப் பெரியவர் ஸஹரில் டீயை விட்டார். கேழ்வரகுக் கூழும் வாழைப்பழமும் எடுத்துக்கொண்டார். இரவில் தண்ணீரைக் கூட்டினார். பத்து நாள் கழித்து, முதல் ஸஃப்பில் நின்றவர் ஸலாம் கொடுத்ததும் நம்மைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்.

வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் உடல் நலத்தையும், வணக்கத்தில் நிம்மதியையும் தந்தருள்வானாக! ஆமீன்.