பக்கத்துக் கட்டிலில் இருக்கும் பிள்ளை



நம் குழுக்களில் பலருடைய பெண் பிள்ளைகள் திருப்பூர், கோவை, திண்டுக்கல் பக்கம் மில்லுக்கும் பனியன் கம்பெனிக்கும் வேலைக்குப் போய், கம்பெனி விடுதியிலேயே தங்கியிருக்கிறார்கள். ஒரே அறையில் எட்டு பேர், பத்து பேர்.

தப்பாக நடக்க நினைக்கிறவன் எடுத்த எடுப்பில் கை வைப்பதில்லை. முதலில் ஒரு பெண்ணைத் தனியாகப் பிரிப்பான். "ரெஜிஸ்டர்ல கையெழுத்துப் போடணும், நீ மட்டும் வா" என்று ஷிப்டு முடிந்த பிறகு கூப்பிடுவான். காரணமே இல்லாமல் விடுதி வராந்தாவில் வந்து நிற்பான். இதை முதலில் பார்ப்பது யார்? தாய் தகப்பன் இல்லை, போலீசும் இல்லை. பக்கத்துக் கட்டிலில் இருக்கும் பிள்ளைதான். அமெரிக்க ராணுவம்கூட 2008இல் தன் படைவீரர்களுக்கு இதைப் பாடமாக வைத்தது: கூட இருப்பவருக்கு ஆபத்து என்று தெரிந்தால் குறுக்கே போ, செயல்படு, மற்றவரையும் கிளப்பு.

குறுக்கே போவது என்றால் சண்டை போடுவது இல்லை. "இருடி, நானும் வர்றேன்" என்று கூடவே கிளம்பினால் போதும், அவன் திட்டம் பாதி கெட்டது. "உங்கம்மா போன்ல இருக்காங்க, ஓடி வா" என்று சத்தமாகக் கூப்பிடலாம். லைட்டைப் போட்டு நாலு பேரை எழுப்பலாம். தனியாகப் போகப் பயமாக இருந்தால் மூத்த அக்கா ஒருவரிடம் சொல்லலாம். வார்டனே உடந்தை என்றால் 181க்குப் போன் பண்ணலாம்.

நடந்து முடிந்த பிறகும் அவளுக்கு வேலை இருக்கிறது. பாதிக்கப்பட்டவளைத் தனியாக விடக் கூடாது. "நீ ஏன் போனே?" என்ற கேள்வி வேண்டவே வேண்டாம். தேதி, நேரம், யார் என்பதை ஒரு தாளில் குறித்து வைக்கச் சொல்லுங்கள்.

2013ஆம் ஆண்டுச் சட்டப்படி, பத்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் பெண் தலைமையில் புகார்க் குழு இருக்க வேண்டும். மூன்று மாதத்துக்குள் எழுத்து மூலம் புகார் கொடுக்கணும். அவளால் கொடுக்க முடியாத நிலை என்றால், அவள் எழுதிக் கொடுத்த சம்மதத்தோடு விஷயம் தெரிந்த தோழியே கொடுக்கலாம். இது நிறையப் பேருக்குத் தெரியாது. 18 வயது ஆகாத பிள்ளை என்றால் போக்சோ சட்டப்படி தெரிந்தவர் யாரும் மறைக்கக் கூடாது, போலீசுக்குச் சொல்லியே ஆகணும். 1098க்கும் சொல்லலாம்.

2021 ஜனவரியில் திண்டுக்கல் மாவட்டத்தில் ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் வேலை செய்த இளம்பெண் கொலை செய்யப்பட்டார். மேற்பார்வையாளர் கைதானார். அதன் பிறகு பெண்கள் தலைமையிலான தொழிற்சங்கம் போராடி, 2022இல் அந்தக் கம்பெனியோடு திண்டுக்கல் ஒப்பந்தம் போட்டது. அதன்படி வேலை செய்யும் பெண்களுக்கே பயிற்சி கொடுத்துக் கண்காணிப்பாளர் ஆக்கினார்கள். பார்ப்பவள் வாய் திறந்தால் அவள் வேலை போகாது என்ற உறுதியும் அதில் உண்டு. உயிர் ஒன்று போன பிறகுதான் இது வந்தது என்பதுதான் வயிற்றெரிச்சல்.

ஒன்றை மட்டும் நாமே யோசிக்கணும். பஸ் ஏற்றி விடும்போது "யார் வம்புக்கும் போகாதே, உன் வேலையைப் பார்" என்றுதானே சொல்லி அனுப்புகிறோம்? எட்டு தாய்மார் எட்டு பிள்ளைகளிடம் அப்படிச் சொன்னால் அந்த அறையில் யார் எழுந்து லைட் போடுவாள்?

அடுத்த கூட்டத்துக்கு வரும்போது, உங்கள் மகளின் அறைத்தோழி ஒருத்தியின் பெயரும் போன் நம்பரும் கேட்டு வாங்கி வாருங்கள்.