மோட்டாரின் காந்தப் புலம் இதயத்தைத் தாக்குமா?



“ஐயா, என் அம்மா திருப்பூரில் பனியன் கம்பெனியில் தைக்கிறார். கொஞ்ச நாளாகப் படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. தையல் மோட்டாரின் காந்தப் புலம்தான் இதயத்தைக் கெடுக்கிறது என்று கூட வேலை செய்பவர்கள் சொல்கிறார்கள். உண்மையா?” என்று ஒரு மாணவி என்னிடம் கேட்டாள். நீங்கள் படித்த இயற்பியலைக் கொண்டே விடை தேடுவோம்.

இதயமும் மின்சாரத்தால்தான் துடிக்கிறது. அதன் வலது மேலறையில் உள்ள சைனஸ் கணு மின்துடிப்பை எழுப்புகிறது. அது பரவும்போது இதயத் தசை சுருங்குகிறது. மார்புத் தோலில் அளந்தால் இந்த மின்னழுத்தம் சுமார் 1 மில்லிவோல்ட்தான். அதைத்தான் இ.சி.ஜி. கருவி வரைந்து காட்டுகிறது.

இனி மோட்டாருக்கு வருவோம். மாறும் காந்தப் புலம் கடத்தியில் மின்சாரத்தைத் தூண்டும் என்று 1831-இல் ஃபாரடே கண்டார். நம் உடலும் ஒரு கடத்தியே. மார்பின் அருகே புலம் 10 மைக்ரோ டெஸ்லா என்றும், அது வினாடிக்கு 50 முறை அலைகிறது என்றும் கொள்வோம். மார்புக்குள் 10 செ.மீ. ஆரமுள்ள ஒரு வட்டத்தைக் கற்பனை செய்யுங்கள். அதில் தூண்டப்படும் மின்புலம்:

3.14 × 50 × 0.1 × 0.00001 = மீட்டருக்கு ஏறத்தாழ 0.00016 வோல்ட்.

நரம்பைத் தூண்டவே மீட்டருக்குச் சுமார் 4 வோல்ட் வேண்டும். இதயத் தசைக்கு அதனினும் கூடுதலாக வேண்டும். நாம் கண்ட அளவோ 4 வோல்ட்டில் 25,000-இல் ஒரு பங்கு! மேலும், மோட்டாரிலிருந்து விலக விலகப் புலம் வெகு விரைவாகக் குறையும். ஆகவே இது இதயத் துடிப்பை நேரடியாகக் குலைக்காது. பேஸ்மேக்கர் பொருத்தியவர்கள் மட்டும் மருத்துவரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

அப்படியானால் பல ஆண்டுகள் தொடர்ந்து வேலை செய்தால்? இதற்குச் சூத்திரம் போதாது. ஆட்களைக் கணக்கெடுத்துத்தான் பார்க்க வேண்டும். அமெரிக்காவில் மின்சார நிறுவனங்களின் ஊழியர் ஏறத்தாழ 1,39,000 பேரைப் பற்றிய ஆய்வு 1999-இல் வெளிவந்தது. அதிகப் புலத்தில் வேலை செய்தவர்களிடையே சில வகை இதய நோய் மரணங்கள் கூடுதல் என்றது அது. பின்னர் வந்த ஆய்வுகள் பொதுவாக அதை உறுதி செய்யவில்லை. இந்தப் புலத்துக்கும் இதய நோய்க்கும் தொடர்பு உண்டு எனச் சான்றுகள் காட்டவில்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2007-இல் முடிவு கூறியது.

ஒன்றைக் கவனித்தீர்களா? 1999 ஆய்வில் எண்ணப்பட்ட அனைவரும் ஆண்கள்! இயற்பியல் விதி ஆண் பெண் பார்ப்பதில்லை; ஆனால் நோய் பார்க்கிறது. மாரடைப்பின்போது பெண்களுக்கும் நெஞ்சுவலி வரலாம். ஆனால் மூச்சுத் திணறல், களைப்பு, முதுகுவலி, தாடைவலி ஆகியவை அவர்களிடம் கூடுதலாகக் காணப்படுகின்றன. “வேலைக் களைப்பு” என்றோ “மோட்டாரின் கோளாறு” என்றோ இவற்றை ஒதுக்கிவிட்டால், உண்மையான காரணம் மறைந்தே இருக்கும். உயர் இரத்த அழுத்தம், சர்க்கரை நோய், இரவுப் பணி ஆகியவை இதயத்துக்குக் கேடு என்பது தெரிந்த செய்தி.

“மோட்டாரை விடு, முதலில் அம்மாவை மருத்துவரிடம் அழைத்துப் போ” என்றேன். இரத்த அழுத்தம் மிகுந்திருந்தது தெரியவந்தது. இப்போது மருந்து சாப்பிடுகிறார். அதே மோட்டாரில்தான் தைக்கிறார்.

உங்களுக்கு ஒரு கணக்கு: தூரம் இரு மடங்கானால் புலம் எட்டில் ஒரு பங்காகும் எனக் கொள்ளுங்கள். 30 செ.மீ. தூரத்தில் 10 மைக்ரோ டெஸ்லா என்றால், 60 செ.மீ. தூரத்தில் எவ்வளவு?